பேர் எழுதின போத்தில்

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில ஒரு அகதி விடுதியில நாலு வருஷம் இருந்தனான். பொறுத்தார் பூமியாள்வார் எண்டு சொல்லுவினம். நாங்கள் பொறுத்து ஆண்டது நாலு கட்டில், ஒரு அலுமாரி, மூலையில ஒரு கை கழுவுற தொட்டி. அன்ட்ராக் எண்டு அகதி விண்ணப்பம் போட்டால், டெர்மின் எண்டு கந்தோருக்கு வரச்சொல்லித் தேதி வரும். டெர்மினுக்குப் போனால் இன்னொரு டெர்மின் வரும். அலுப்பெண்டால் அப்பிடியொரு அலுப்பு, நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாது.

வேலைப் பத்திரம் கிடைச்ச கையோடை ஒரு சின்ன ஹோட்டல் பாரில கிளாஸ் கழுவப் போனன். அங்கைதான் ஒரு ஜப்பான்காரர் வந்தார். பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில மெஷின் பூட்ட வந்த இஞ்சினியர். என்ர வயசுதான் இருக்கும். வந்த முதல் நாளே ஊரிலயிருந்து கொண்டு வந்த ஒரு விஸ்கிப் போத்திலை மேசையில வைச்சார். கழுத்தில நூல் கட்டி, ஒரு அட்டையில தன்ர பேரைத் தங்கட எழுத்தில எழுதித் தொங்கவிட்டிருந்தார். தங்கட நாட்டில ஆக்கள் இப்பிடித்தான் பேர் எழுதி பாரில விட்டிட்டுப் போவினமாம், எத்தினை மாசம் கழிச்சு வந்தாலும் விட்ட அளவில அப்பிடியே இருக்குமாம். பார்க்காரன் ஜெர்மன்காரன், நக்கல் பிடிச்சவன். "கார் கொப்பி அடிச்சாங்கள், கமெரா கொப்பி அடிச்சாங்கள், இப்ப விஸ்கியுமோ?" எண்டு சிரிச்சான். எண்டாலும் மூண்டு மாசம் தங்கிற வாடிக்கையாளர் எண்டபடியால் போத்தில் அடுக்கிற தட்டில இடம் குடுத்தான்.

அவர் பின்னேரம் அஞ்சு மணிக்கு வந்து ரெண்டு விரல் அளவு ஊத்தி, தண்ணி கலந்து குடிப்பார். தண்ணி குடுக்கிறது நான். ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அதால வடிவாய் விளங்கிச்சுது. முதலாம் உலக யுத்தம் முடியிற காலத்தில அவையின்ர நாட்டுப் பெடியன் ஒருத்தன் ஸ்கொட்லாந்துக்குப் போய், வடிசாலை வடிசாலையாய் ஏறி இறங்கி, பார்த்ததெல்லாத்தையும் கொப்பியில எழுதிக்கொண்டு, அந்த நாட்டுப் பெட்டையையும் கலியாணம் கட்டிக்கொண்டு திரும்பினவனாம். பேந்து ஒரு முதலாளி அவனை வைச்சு முதல் வடிசாலையைக் கட்டினாராம். முதல் வந்த விஸ்கி புகை மணக்குது எண்டு ஊர்ச்சனம் தொடேல்லையாம். வருஷக்கணக்காய்க் காத்திருந்து எடுத்த சரக்கு! "பேந்து?" எண்டு கேட்டன். "திரும்பவும் காத்திருந்தவை" எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. எங்கட ஆக்கள்தான் போல.

ரெண்டாம் யுத்தத்தில பீப்பாய்க்கு வெளிநாட்டு மரம் வரேல்லை. தங்கட ஓக் மரத்திலயே செய்தவையாம். அது ஒழுகுமாம், புதுசில மணமும் சரியில்லையாம். ஆனால் இருபது வருஷம் விட்டால் சந்தனமும் ஊதுபத்தியும் மணக்குமாம். ஸ்கொட்லாந்தில ஒரு வடிசாலை மற்ற வடிசாலைக்குச் சரக்குக் குடுத்து மாறுமாம், தங்களுக்குள்ள அந்தப் பழக்கமில்லையாம், தேவையான எல்லாத்தையும் அவனவன் தானேதான் செய்ய வேணுமாம். இது கலப்பில்லை, ஒரே வடிசாலையில முளைகட்டின பார்லியில மட்டும் வடிச்சது, இப்பிடித் தனிய விக்கத் தொடங்கி இப்ப கொஞ்சக் காலம்தான் எண்டு போத்திலைத் தட்டிக் காட்டினார். பீப்பாயில கிடக்கேக்கை வருஷா வருஷம் ஒரு பங்கைக் காத்தே குடிச்சிடுமாம். அதுக்கு ஒருத்தரும் கோவிக்கிறேல்லையாம்.

மூண்டு மாசம் முடிய வெளிக்கிட்டார். போத்திலில அரைவாசிக்குக் கிட்டக் கிடந்துது. "வசந்தத்தில வருவன். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கோ" எண்டு பார்க்காரனிட்டை இல்லை, என்னட்டைச் சொன்னார். அந்த நாட்டில ஒருத்தரும் என்னை நம்பி ஒரு சாமானும் தந்ததில்லை. விடுதிக் குசினிக்கே பூட்டு. பத்திரமாய் வைச்சுக் குடுத்திட வேணும் எண்டு எனக்கு ஒரு வெறி பிடிச்சிட்டுது.

மாரி தொடங்கப் பார்க்காரன் தட்டைத் துப்புரவாக்கினான். "உவன் வரமாட்டான். கொண்டு போ, இல்லாட்டித் தொட்டிக்குள்ள ஊத்து" எண்டான். பயந்து போய் விடுதிக்குக் கொண்டு வந்திட்டன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

எங்கட ஆக்களிட்டை இன்னொரு சட்டம் இருக்கெல்லோ. மூடி திறந்தால் அண்டைக்கே முடிக்க வேணும். திறந்த போத்திலை மூடி வைக்கிறவன் கஞ்சன். என்னோடை அறையில மூண்டு பேர். மூத்தவர் ஒரு அண்ணை, மனுசியும் மூண்டு பிள்ளையளும் யாழ்ப்பாணத்தில. எங்களுக்குச் சமைச்சுப் போடுறவரும் அவர்தான். "இது ஒராளின்ர, தொடாதேங்கோ" எண்டு சொல்லித்தான் அலுமாரியில வைச்சன். அண்ணை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, "உவர் என்ன, போத்திலுக்கும் விசா எடுத்து வைச்சிருக்கிறாரோ?" எண்டார். எல்லாரும் சிரிச்சம்.

தை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியான வேலை முடிஞ்சு நாலு மணிக்கு வாறன், போத்தில் வெறுமையாய் மேசையில நிக்குது. பக்கத்தில கோலாப் போத்தில், பொரிச்ச ஈரல் கிடந்த கோப்பை. முதல் நாள் அண்ணைக்குக் கடிதம் வந்ததாம். அவற்ற அன்ட்ராக் முடிவாய் நிராகரிப்பு. எனக்குச் சொல்லவேயில்லை. அவர் எழும்பி, சோசரால மூடி வைச்சிருந்த ஒரு தம்ளரை எடுத்து நீட்டினார். "கோவியாதை தம்பி. ஏலாமல் போச்சு. உன்ர பங்கை எடுத்து வைச்சிட்டுத்தான் நாங்கள் தொட்டனாங்கள்."

கோலா கலந்து வைச்சிருந்தார். ஐயோ, எனக்கு வந்த கோவம்! "மனுசரோ நீங்கள்?" எண்டு கத்திக்கொண்டு தம்ளரை வாங்கித் தொட்டிக்குள்ள ஊத்தினன். அண்ணை வெறும் தம்ளரை என்ர கையிலயிருந்து வாங்கிக் கழுவிக் கவிட்டு வைச்சார்.

ஒரு கிழமையில அவர் எல்லை கடந்து பிரான்சுக்கு வெளிக்கிட்டார். விடிய என்ர கட்டிலடியில நிண்டு "போட்டு வாறன் தம்பி" எண்டார். முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். சுவரைப் பார்த்தபடி நித்திரை மாதிரிக் கிடந்தன்.

சித்திரையில ஜப்பான்காரர் சொன்ன சொல்லுக்கு வந்தார். வெறும் போத்திலை அட்டையோடை முன்னுக்கு வைச்சு மன்னிப்புக் கேட்டன். ஆர் குடிச்சது எண்டு கேட்டார். கடிதக் கதையைச் சொன்னன். "அப்பிடியான நாளுக்குத்தானே விஸ்கி" எண்டு சிரிச்சார். கோலா எண்டதுக்கும் சிரிச்சார். "உங்களுக்கு எப்பிடி இருந்துது?" எண்டார். "நான் குடிக்கேல்லை. எனக்கெண்டு எடுத்து வைச்சதைத் தொட்டிக்குள்ள ஊத்திட்டன்" எண்டன், பெரிய நேர்மைக்காரன் மாதிரி.

அப்பதான் அவற்ற முகம் மாறினது. அட்டையை விரலால தடவினார்.

"இந்தப் போத்தில் என்ர பேரில இருந்துது. அந்தத் தம்ளர் உங்கட பேரில இருந்துது" எண்டார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அறைக்குப் போய் மற்ற ரெண்டு பேரிட்டையும் அண்ணையின்ர விலாசம் கேட்டன். பாரிசில எண்டு கேள்வி, விலாசம் தெரியாது எண்டினம். "விலாசத்தை உன்னட்டை எழுதித் தரத்தான் அண்டு விடிய வந்து நிண்டவர், நீ நித்திரை எண்டு விட்டிட்டுப் போட்டார்" எண்டினம்.