விருப்பத்துடன் விட்டுக்கொடுத்தவர்கள்

2024 ஜூலை 11, வியாழக்கிழமை, முற்பகல் 11.50. வெளியே வெயில் கொளுத்தியது. மேல்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. வாடகைக் காரின் மானியில் 37 டிகிரி என்று இருந்ததை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொண்டேன். மதுரை விமான நிலையத்துக்குள் அந்தச் சூடு தெரியவில்லை. அந்த 11.50க்கு நான் தரையில் குத்தவைத்து ஒரு பெட்டியிலிருந்த மாம்பழங்களை மற்றப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டி பதினேழு கிலோ, மற்றது பன்னிரண்டு. ஒரு பெட்டிக்குப் பதினைந்துக்கு மேல் கூடாது என்றுவிட்டார்கள். ராஜபாளையத்துச் சப்பட்டை பதினெட்டுப் பழம். அதில் ஆறை மாற்றினால் சரியாகிவிடும்.

ஆறாவது பழத்தை வைத்துப் பூட்டி நிமிர்ந்தபோது என் மனைவி கவுண்டரை விட்டு வந்துகொண்டிருந்தாள். கையில் போர்டிங் அட்டை இல்லை.

"ஏங்க, நம்ம சாயங்காலம் போறோம்" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"பிளேன்ல ரெண்டு எடம் கொறையுதாம். கூடுதலா டிக்கெட்டு குடுத்துட்டாகளாம். அந்தா பாருங்க, கைப்புள்ளக்காரி ஒருத்தி மாமியாளோட நிக்கா. அஞ்சு மணி பிளேன்ல எடம் இருக்கு, நீங்க அதுல போறியளான்னு கவுண்டர்ல இருக்க புள்ள கேட்டுச்சு. அதனால என்னம்மா, அவள ஏத்தி விடுங்க, நாங்க பொறவு போறோம்னு சொல்லிட்டேன்."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினால் யாரும் யாரையும் கேட்பதில்லை, உட்கார்ந்திருப்பவள் எழுந்துவிடுவாள். எழ முடியாதவள் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். என் மனைவி அறுபத்தெட்டு வயதில் அதுவரை ஒரே ஒரு முறைதான் விமானத்தில் போயிருந்தாள். அவளுக்கு அதுவும் ஒரு பஸ்தான்.

எனக்கு அப்படி இல்லை. நான் ஒரு நூற்பாலையின் சோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். நூலில் எத்தனை முடிச்சு, எத்தனை மெலிவு என்று எண்ணுவதே வேலை. ஒன்று அறுந்தால் அடுத்தது எங்கே அறும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஹைதராபாத்தில் அவளுடைய அக்காவுக்கு அறுவை சிகிச்சை. வயிற்றில் கட்டி. எனக்கு மதினியான அவர் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, மகனோடு அங்கே இருப்பவர். "நீ வந்து என் தலையில கைய வச்சு ஜெபம் பண்ணு. பொறவுதான் உள்ள போவேன்" என்று தங்கையிடம் போனில் சொல்லியிருந்தார்.

ஐந்து மணி விமானத்துக்கு நாலு மணிக்குப் போனோம். காலையில் இருந்த பெண் இல்லை, வேறொரு பையன். அந்த விமானமும் நிறைந்துவிட்டது என்றான். எங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறதாம். காலையில் இடம் உண்டு என்று சொன்னது யார் என்று கேட்டேன். எனக்குத் தெரியாது சார் என்றான். நான்கு பேரிடம் பேசினேன், குரலை உயர்த்தியும் பேசினேன். மறுநாள் 11.20 விமானத்தில் இரண்டு இடம் போட்டுக் கொடுத்தார்கள். தங்க இடமோ, ஒரு வாய் காப்பியோ யாரும் தரவில்லை. லாட்ஜில் தங்கினோம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதினி தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் இருந்தார். நாங்கள் வரப் பிற்பகலாகும் என்று தெரிந்தும், கத்தி வைப்பதற்கு முன் பத்து நிமிடம் பொறுக்கும்படி டாக்டரிடம் கேட்டாராம். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். இதைச் சொன்னது அவருடைய மகன். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. டிக்கெட் எடுத்தது அவன்தான். வியாழக்கிழமை மாலையே விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதியதும் அவன்தான். பதில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதினி கண் திறந்து, வார்டுக்கு மாற்றப்பட்டு, கொஞ்சம் கஞ்சி குடித்திருந்த நேரம். அவன் செல்போனைப் பார்த்தான். "என்னலே?" என்று மதினி கேட்டார். மறைக்கத் தெரியாத பிள்ளை, வாசித்தே விட்டான். பயணிகள் இருவரும் தங்கள் இருக்கைகளை விருப்பத்துடன் விட்டுக்கொடுத்தார்கள் என்று எங்கள் பதிவில் உள்ளது. ஆகவே இழப்பீடு கிடையாது.

"விருப்பத்தோடயா?" என்றார் மதினி.

"அக்கா, சாயங்காலம் எடம் இருக்குன்னு சொன்னாகக்கா. அத நம்பி..."

"எழுத்துல குடுத்திருக்கான்ட்டி. நீ வாயால சொல்லுத."

அத்தோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தாமதமாக வந்த பிள்ளைகள் சொல்லும் காரணங்களை ஆயுள் முழுக்கக் கேட்டவர். எழுத்தில் இருந்தால்தான் அவருக்கு உண்மை.

ஊர் திரும்பினோம். ஞாயிறுதோறும் கோவில் ஆராதனை முடிந்து வந்ததும் மதினியிடமிருந்து போன் வரும். அது நின்றது. இவள் கூப்பிட்டால் மகன் எடுப்பான், அம்மா தூங்குகிறார்கள் என்பான். நான்காவது ஞாயிறு என் மனைவி மதியச் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு நான் முடிவு செய்தேன். எழுத்தில் வந்ததை எழுத்தால்தான் அழிக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் விதியைத் தேடி அச்செடுத்தேன். அதை ஐந்து தரம் வாசித்தேன். இருப்பதைவிட அதிகமாக டிக்கெட் விற்ற விமானத்தில், விட்டுக்கொடுக்க விரும்புகிறவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். அப்படி விட்டுக்கொடுப்பவருக்கு அதற்கு ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டும். விருப்பம் இல்லாதவரை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, இருபத்து நான்கு மணிக்குள் அனுப்பினால், அடிப்படைக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆளுக்குப் பத்தாயிரம் வரை. எங்கள் அடிப்படைக் கட்டணம் ஆளுக்கு 3,850. இரண்டு மடங்கு 7,700. இரண்டு பேருக்கு 15,400.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். வழக்குப் போடக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நான் முதல் புகார்தாரர், அவள் இரண்டாவது. புகாரை எழுதிவிட்டேன். உறுதிமொழிப் பத்திரத்தில்தான் சிக்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப் அடிப்பவர் முழுவதையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, 'நாங்க பொறவு போறோம்'னு அம்மா சொன்னதா நீங்களே எழுதியிருக்கிய. இத எடுத்துருவோம். அம்மா ஒண்ணுமே சொல்லலன்னு போட்டா கேஸு கல்லு மாதிரி நிக்கும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அப்படியே அடிக்கச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி வாசித்தாள். பேனாவை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"நான் சொன்னேன். சொல்லலன்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏட்டி, நீ சொன்னதாலதான் இம்புட்டும்."

"இருக்கட்டும். பொய் சொல்லி அக்காவ ஜெயிக்கவா? அவியளுக்கே தெரிஞ்சா மூஞ்சில முழிப்பேனா?"

மூன்று நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு முந்தின வாசகத்தையே திரும்ப அடித்து வாங்கினேன். சாயங்காலம் இடம் இருப்பதாகச் சொல்லப்பட்டதை நம்பியே சொன்னேன் என்ற வரியை மட்டும் தனிப் பத்தியாக்கினேன். கூடுதலாக நூற்றிருபது ரூபாய்.

அதன்பின் ஒன்பது தடவை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தேன். இரண்டு தடவை அவளும் வந்தாள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் அவள் கணக்கு பூஜ்யம். முதல் நான்கு தடவை விமான நிறுவனத்தின் பக்கத்திலிருந்து யாருமே வரவில்லை. ஐந்தாவது தடவை மதுரையிலிருந்து ஓர் இளம் வக்கீல் வந்து அவகாசம் கேட்டார். வராந்தா பெஞ்சில் எனக்கு ஒரு துணை உண்டு. மம்சாபுரத்து விவசாயி ஒருவர், எரிந்துபோன மோட்டாருக்காக அலைபவர். எனக்குச் சேலைக்கடைக்காரனிடமோ கேஸ் கம்பெனியிடமோ தகராறு என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்.

"பிளேனா?" என்றார். "அண்ணாச்சி, நான் தண்ணி இல்லாம நிக்கேன், நீரு ஆகாசத்துல எடம் இல்லன்னு நிக்கீரு. நல்ல சோடிதான்."

ஏழாவது வாய்தாவில் ஆணையத் தலைவர் என் மனைவியை நேராகவே கேட்க விரும்பினார். வக்கீல் முதலில் கேட்டார்.

"அம்மா, நீங்களாத்தானே சீட்டை விட்டுக் கொடுத்தீங்க?"

"ஆமா, சொன்னேன்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல. அந்தப் புள்ள நல்லாத்தான் பேசுச்சு."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. தலைவர் கேட்டார்: "சாயங்கால விமானத்துல இடம் இல்லைன்னு தெரிஞ்சிருந்தா என்னம்மா செஞ்சிருப்பீங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கத பாக்க சங்கடமாத்தான் இருந்திருக்கும். ஆனா மறுநா காலையில எங்க அக்கா வயித்தக் கிழிக்கப் போறாகய்யா. நான் எதுக்கு எடத்த விடுதேன்?"

தலைவர் வக்கீல் பக்கம் திரும்பினார். விட்டுக்கொடுத்தார்கள் என்றால் ஈடாக என்ன கொடுத்தீர்கள், அதற்குப் பதிவு எங்கே என்றார். வக்கீல் தாள்களைப் புரட்டினார். இரண்டு முறை புரட்டிவிட்டு அவகாசம் கேட்டார்.

எட்டாவது வாய்தாவில் கூப்பிடுவதற்கு முன்பே அவர் வராந்தாவுக்கு வந்தார். "சார், கம்பெனி நாற்பதாயிரம் தரத் தயார். இன்னைக்கே மெமோ போட்டு வழக்கை வாபஸ் வாங்கிக்குங்க. பதினஞ்சு நாள்ல பணம் உங்க அக்கவுண்டுல" என்றார். தீர்ப்பு வந்தால் இவ்வளவு வராது என்றும் சொன்னார். அது உண்மை என்று எனக்கும் தெரியும்.

மம்சாபுரத்துக்காரர் என் விலாவில் இடித்தார். "அண்ணாச்சி, எம்புட்டு குடுக்கான்?"

"நாப்பது."

"எம் மோட்டாரு வெலையே இருபத்தெட்டுதான். வாங்கிட்டு எந்திரியும்யா. பிளேனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நாலு ஆடு புடிக்கலாம்."

மாடிப்படிப் பக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டேன். விவரம் சொன்னேன். அவள் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்த மெமோவுல என்ன எழுதியிருக்கும்?"

"ரெண்டு பேரும் சமாதானமாப் போயாச்சுன்னு இருக்கும்."

"நான் விட்டுக்குடுத்தேனா, ஏமாந்தேனான்னு இருக்குமா?"

"அது ஒண்ணும் இருக்காது."

"அப்ப அக்காவுக்கு எத அனுப்ப?"

நான் திரும்பிப் போய் வக்கீலிடம் வேண்டாம் என்றேன். ஐம்பது கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். எனக்குத் தீர்ப்புதான் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இந்தாளுக்குக் கிறுக்கு" என்று மம்சாபுரத்துக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தோற்றுவிட்டால் நாற்பதும் போகும், 'விருப்பத்துடன்' என்ற அந்த ஒரு சொல்லும் ஆணைய முத்திரையோடு நிலைத்துவிடும். அடுத்த வாய்தா வரைக்கும் ரத்த அழுத்த மாத்திரையை ஒன்றரையாக்கினேன்.

ஒன்பதாவது தடவை தீர்ப்பு. ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில் இருந்தது: மாலை விமானத்தில் இடம் உண்டு என்று சொல்லப்பட்டதை நம்பியே இரண்டாவது புகார்தாரர் சம்மதித்துள்ளார், அவர் தன் இருக்கையை விருப்பத்துடன் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது. இழப்பீடு 15,400. மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்து 5,000. ஆக 20,400.

சான்றிட்ட நகல் கைக்கு வந்த அன்றே ஆறு பக்கத்தையும் படம் எடுத்து மதினியின் மகனுக்கு அனுப்பினேன். நான்காம் பக்கத்தை இரண்டு முறை அனுப்பினேன், ஒன்று தெளிவாக இல்லாவிட்டாலும் மற்றது இருக்கட்டும் என்று. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக்கையோடு ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, வாசிச்சேன்" என்றார் மதினி. "மூணு தரம் வாசிச்சேன். ரெண்டாம் பக்கத்துல ரெண்டு பிழ இருக்கு. யாரு டைப் அடிச்சது?"

இவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று நான் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன்.

"அக்கா, நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

"சொன்ன. எனக்குத்தான் அந்நேரம் ஒண்ணும் ஏறல. பத்து நிமிஷம் வாசலயே பாத்துட்டுக் கெடந்தேன்ட்டி. நீ யாருக்கோ எடத்தக் குடுத்துட்டு சந்தோசமா நிக்கியேன்னு நெனச்சிட்டேன்." பிறகு கேட்டார்: "அந்த வக்கீல் கேட்டப்ப பயந்தியா?"

"நான் எதுக்குப் பயப்படுதேன்? இந்தா நிக்காகள்ல, இவியதான் வேர்த்து ஊத்திட்டாக."

"அவுக எதுக்குத்தான் வேர்க்கல. சரி, கைய இங்க நீட்டு, ஜெபம் பண்ணு. அன்னைக்குப் பண்ணாதத இன்னைக்குப் பண்ணு."

நான் ஸ்பீக்கரை நிறுத்திப் போனை அவள் காதோரம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினார்கள். தேங்காய் அப்படியே கிடந்தது. அந்த நேரத்தில் நான் கணக்கை முடித்தேன். லாட்ஜ் 1,450. மதுரையில் ஆட்டோவும் சாப்பாடும் 790. டைப், நகல், தபால், நோட்டரி 1,860. பஸ் 270. வாய்தா நாட்களின் சாப்பாடு, காப்பி 1,080. மொத்தம் 5,450. வேண்டாம் என்று சொன்ன பணமும் செலவுதான். ஆலையில் கழிவுப் பஞ்சை அப்படித்தான் எழுதுவோம். நாற்பதாயிரத்தில் வந்தது 20,400 போக, விட்டது 19,600. இரண்டையும் கூட்டினால், என் மனைவி விருப்பத்துடன் விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுத்தில் வாங்க எனக்கு ஆன செலவு இருபத்தையாயிரத்து ஐம்பது ரூபாய்.