மடியில் ஒரு பை மணல்

பவளம் வளர்க்கும் என் கடல்மீன் தொட்டியில் அழுக்கு சேர்கிறதென்று, போன வாரம் அடிமணலை மொத்தமாக வாரிக் கொட்டினேன். வெறும் கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் மணலுக்குள் புதைந்து தூங்கும் மீன் ஒன்று உண்டு. அது இப்போது கண்ணாடியை முட்டிக்கொண்டே கிடக்கிறது.

இன்று கடலூர் போய்ப் புது மணல் வாங்கினேன். சிதம்பரம் பஸ்ஸில் பை என் மடியில்.

பக்கத்தில், மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு ஓர் அக்கா.

"பையில என்னா தம்பி?"

"மணல்தான் அக்கா. மீன் தொட்டிக்கு."

"மணல கடையிலியா வாங்குன?"

மீன் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க ஊர்லயும் கரை மணல கடல் அரிச்சிடுச்சு. கல்ல கொட்டி வச்சிருக்காங்க. படக ஏத்தி வைக்க எடமில்ல, கல்லுல மோதி ஒடையுது. எங்க வூட்டுக்காரரு ராவெல்லாம் படகப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

புதுச்சத்திரத்தில் இறங்கும்போது பையைத் தொட்டுப் பார்த்தார்.

"போட்டு வுடு தம்பி. அந்த மீனாச்சும் தூங்கட்டும்."

தொட்டியின் அடியில் மணல் வேண்டுமா, வெறும் கண்ணாடியே போதுமா என்று நம் மீன்தொட்டி குரூப்பில் நேற்றுவரை சண்டை போட்டோமே, அந்த அக்காவுக்கு என்ன பதில் சொல்லலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.