திரும்பும் படகில் ஓர் இடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் குடியிருந்தோம். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. தீவிலிருந்த நகரத்துக்குப் போக முதலில் பஸ், பிறகு ஃபெர்ரி. கிளம்புமுன் மனதுக்குள் சரிபார்த்துக்கொள்வேன்: சில்லறை, குடை, கைக்குட்டை, எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழம் புதிதாகச் சேர்ந்தது. எனக்கு ஏழாம் மாதம்.

பிரசவம் பார்க்க ஜவ்வாது மலையில் எங்கள் புதூர்நாட்டிலிருந்து அம்மா கப்பலேறி வந்திருந்தாள். அவள் இங்கே தங்கக் கொடுத்த தவணை அன்றோடு முடிந்தது. நகரத்துக் குடிநுழைவு அலுவலகத்தில் மதியத்துக்குள் பாஸ்போர்ட்டைக் காட்டி நீட்டிப்பு முத்திரை வாங்க வேண்டும். தவறினால் அந்த வாரக் கப்பலிலேயே அவள் திரும்ப வேண்டும்.

பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தேன். ஃபெர்ரியில் மேல்தளத்தில், கம்பியோரப் பெஞ்சில் இருவருக்கும் இடம் கிடைத்தது. கரை சேர்ந்ததும் கூட்டத்தோடு இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் அம்மாவின் கையைப் பார்த்தேன்.

"பை எங்கமா?"

"பெஞ்சு மேல."

"மறந்துட்டியா?"

"நான் இன்னாத்துக்கு மறக்கறேன்? திரும்பி வர்றப்போ எடம் வாணாமா? போட்டுட்டு வந்தேன்."

எங்கள் மலைக்கு ஒரே பஸ். காலையில் திருப்பத்தூருக்கு இறங்குவதுதான் சாயங்காலம் ஏறி வரும். வளைவுகளில் நின்று வர முடியாதவர்கள் காலையிலேயே சீட்டில் பையையோ துண்டையோ போட்டுவிட்டுச் சந்தைக்குப் போவார்கள். யாரும் தொடமாட்டார்கள். பாலிடெக்னிக் நாட்களில் நானும் படம் வரையும் டி-ஸ்கொயரைப் போட்டு இடம் பிடித்தவள்தான். அதனால் அவளைத் திட்ட வாய் வரவில்லை.

"பாஸ்போர்ட்டு?"

"அதுலதான் கீது."

துறைக்குத் திரும்பினோம். ஃபெர்ரி போய்விட்டிருந்தது. இறங்குபாதையில் நின்ற ஊழியர் தமிழர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இது உங்க ஊரு பஸ் இல்லம்மா," என்றார்.

"பஸ்ஸா இருந்தா இன்னா, படகா இருந்தா இன்னா? போனது வந்துதான ஆவணும்?"

அவர் சிரித்துவிட்டார். "வரும்லா. ஆனா நாலஞ்சு ஓடுதே, நீங்க வந்தது எதுன்னு தெரியுமா?"

தெரியவில்லை. பக்கவாட்டில் பெயர் எழுதியிருக்கும், நான் படிக்கவில்லை. செய்யக்கூடியவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தேன். புகார் எழுதலாம், தூதரகத்துக்குப் போகலாம், அலுவலகத்தில் தவணை கேட்கலாம். கையில் பாஸ்போர்ட் இல்லாமல் எதுவும் மதியத்துக்குள் முடியாது. மிஞ்சியது, நின்று ஒவ்வொரு ஃபெர்ரியாகப் பார்ப்பது.

முதலில் வந்ததில் அதே இடத்துப் பெஞ்சில் பள்ளிப் பிள்ளைகள். அடுத்ததில் பத்திரிகை படித்தபடி ஒருவர். எனக்குக் கால் வீங்கத் தொடங்கியது. அம்மாவிடம் பழைய வீராப்பு இல்லை. "கப்பல்ல ஏத்தி உட்டுருவாங்களா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

மூன்றாவது ஃபெர்ரி நெரிசலாக வந்தது. ஊழியர் எங்களை ஓரமாக மேலே அனுப்பினார். கம்பியைப் பிடித்தபடி ஆட்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். பெஞ்சில், வைத்தது வைத்தபடி, அம்மாவின் மஞ்சள் பை. அதன் இரு பக்கமும் யாரும் உட்காரவில்லை. உள்ளே என்ன இருக்குமோ என்ற பயமா, உரியவர் எழுந்து போயிருக்கிறார் என்ற மரியாதையா, தெரியாது.

"பாத்தியா, எவனும் குந்தல," என்றாள் அம்மா. பைக்குள் கைவிட்டு பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

அலுவலகத்தில் சாப்பாட்டுக்காகச் சன்னலைச் சாத்தப் போகும் நேரம். அதிகாரி பக்கங்களைப் புரட்டினார், என் வயிற்றைப் பார்த்தார், முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் அம்மா பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினாள். "இத நீயே வெச்சிக்க."

"இனிமே எடம் போடாதமா."

"காலைல நீ நின்னுகினே வந்த. எனக்கா போட்டேன்? உனக்குத்தான்டி."

திரும்பும் ஃபெர்ரியில் ஏறும்போது நான் பின்தங்கிவிட்டேன். மேலே போய்ப் பார்த்தால் பெஞ்சில் மஞ்சள் பை மட்டும் இருந்தது. அம்மா கம்பியோரம் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.