ஹாலந்தா ரஷ்யாவா: சந்தையில் கேட்ட பதில்கள்

பழைய புத்தகம் விற்பவனுக்குப் பெரிய தொல்லை, விற்பதற்கு முன் வீட்டில் யாராவது அதைப் படித்துவிடுவதுதான். உங்களுக்கும் நடந்திருக்கும்.

நாங்கள் வெளிநாட்டில் குடியேறிய ஊரான கிளென் ஈடனில், எங்கள் வீட்டில் என் மனைவி சரோஜாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, சமையலறை மேஜையில் ஒரு தடித்த சரித்திரப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தைய ஹாலந்தையும் ரஷ்யாவையும் ஒப்பிடும் புத்தகம். நான் ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, ரெண்டு நாட்டுலயும் வேலைக்கு ஆள் பஞ்சம். ஹாலந்துல கூலியை ஏத்திக் கொடுத்தான். ரஷ்யாவுல, குடியானவன் நிலத்தை விட்டு நகரக் கூடாதுன்னு சட்டம் போட்டான். ஒரே பஞ்சம், எப்படிங்க ரெண்டு முடிவு?"

வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன். மதியம் வந்தபோது கேட்பதற்கு அவள் இல்லை. மூன்று வருஷமாகிறது. அந்தப் புத்தகத்தைக் கடையில் முன்னால் வைத்து, எடுத்துப் புரட்டுகிறவர்களிடம் அவள் கேள்வியைக் கேட்கிறேன். பதில் தெரியாமல் விட்டுவிட மனசு வரவில்லை.

தண்ணீர்தான் காரணம் என்றவர்

முதலில் அகப்பட்டவர் ஹாலந்தில் பிறந்த கிழவர், ஓய்வுபெற்ற தச்சர். தங்கள் நாட்டில் கால்வாசி, கடல் மட்டத்துக்குக் கீழே என்றார். கரை உடைந்தால் எல்லோருமே மூழ்குவார்கள். ஆகவே ஊர் கூடித்தான் கரை கட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவனை ஒருவன் அடிமையாக்க முடியாதாம்.

எனக்குத் தெளிந்த மாதிரி இருந்தது, ஒரு நிமிஷம். பிறகு எங்கள் தஞ்சாவூர் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஊர் கூடித்தான் வாய்க்கால் வெட்டினார்கள். பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். இதைச் சொன்னதும் கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்படியானால் உங்கள் தண்ணீரில் ஏதோ கோளாறு."

பக்கத்துக் கடை அம்மாள்

பக்கத்தில் வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்கும் ரஷ்ய அம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கிழவர் நகர்ந்ததும் ஒரு பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வந்தாள். ஹாலந்தில் நிலம் கையளவு. ஆள் எங்கே போவான், பக்கத்து ஊருக்குத்தானே? ரஷ்யாவில் நடந்தால் நிலம் முடியவே முடியாது.

"ஓடுவதற்கு இடம் இருக்கிறவனைத்தான் ஐயா, கட்டிப்போடுவார்கள். இதற்கு ஒரு புத்தகமா?"

விலை கேட்ட பெண்

சென்ற மாதம் முதியோர் இல்லச் சீருடையோடு ஒரு யாழ்ப்பாணப் பெண் வந்து, அந்தப் புத்தகத்துக்குத்தான் விலை கேட்டாள். அது விற்பனைக்கு இல்லை அம்மா என்றேன். பின் ஏன் முன்னால் வைத்திருக்கிறீர்கள் என்றாள். நியாயம்தான். சரோஜாவின் கேள்வியைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"இஞ்ச வேலைக்கு ஆக்கள் காணாதெண்டுதான் எனக்கு விசா தந்தவை. ஓம், ஊரை விடச் சம்பளம் கூடத்தான். ஆனா விசாவில போட்டிருக்கிற முதலாளியிட்டத்தான் வேலை செய்யோணும். வேற இடம் போறதெண்டா விசாவை மாத்தி எடுக்குமட்டும் அசையேலாது. அப்ப நான் ஹாலந்தோ, ரஷ்யாவோ, ஐயா?"

மூன்று பேரிடம் கேட்டதில் எனக்கு மிஞ்சியது ஒன்றுக்கு இரண்டு கேள்விகளும், சரோஜா மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை அடையாளம் வைத்துப் பாதியில் விட்ட இந்தப் புத்தகமும்தான்.