இல்லாத முடியை வெட்டப் போனவன்

"ஏண்டா, போன கெழமதானே வெட்டுன? மண்டையில இனி என்னா இருக்கு?"

போன ஞாயிறு காலை, பண்டாரவளைக்குக் கிளம்பி நின்ற என்னைப் பார்த்து அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. பூனாகலையிலிருந்து பஸ் ஏறிப் போய், இல்லாத முடியை வெட்டிக்கொண்டு வருகிறவனை வேறென்ன கேட்பது?

"சைட்ல கொஞ்சம் வளந்திருச்சிக்கா..." ஓடிவிட்டேன்.

விஷயம் முடி இல்லை. சலூன்காரர் பிரதீப். (நான் வைத்த பெயர். தேடிப் போய்விடாதீர்கள்!) என்னைப் போலவே முப்பதைத் தாண்டியவர். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். "தலையக் கொஞ்சம் குனிங்க சேர்" என்பார். எனக்குள் கரண்ட் வந்த வீடு மாதிரி பளிச்சென்று ஆகிவிடும்.

இதில் குழப்பம் என்னவென்றால், எனக்குப் பெண்களையும் பிடிக்கும். ஒப்புக்கு அல்ல. பதுளையில் நர்ஸாக இருக்கும் தாரணியை உருகி உருகிக் காதலித்தவன் நான். "நமக்கு சரிவராது" என்று அவள் சொன்ன நாளில் சோறு இறங்கவில்லை. இப்போது நல்ல சிநேகிதி.

அப்படியானால் இது என்ன? போனில் தேடினேன். 'பைசெக்ஷுவல்' என்றது. தமிழில் இருபால் ஈர்ப்பு. கூடவே ஒரு டெஸ்ட். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்தால் – "இருக்கலாம்" என்கிறது. இருக்கலாமா? அது எனக்கே தெரியுமே!

கடைசியில் தாரணியிடமே சொன்னேன். பதுளை டவுனில், ரோல்ஸும் பிளேன்டீயுமாக உட்கார்ந்திருந்தபோது. முகத்தைச் சுளித்தால்? வெளியே சொல்லிவிட்டால்? எங்கள் தோட்டத்து லயம் ஒரே வரிசை வீடுகள்; ஒரு கோடியில் தும்மினால் மறுகோடியில் மருந்து சொல்வார்கள்.

அவள் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப... என்னைய நெசமாவே புடிச்சிருந்திச்சா?"

அவளுக்கு வலித்தது அங்கேதான்.

"நெசமாத்தான் தாரணி. அதுவும் நெசம், இதுவும் நெசம். அதான் எனக்கே வெளங்கல."

பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தாள். "சரி, ஆளு எப்பிடி? என்னைய விட அழகா?"

சிரித்துவிட்டேன். எத்தனை நாள் பாரம் அது!

அந்தத் தைரியத்தில்தான் ஞாயிறு கிளம்பினேன். ஒரு டீக்கு வாங்க என்று பிரதீப்பைக் கூப்பிடுவது திட்டம். நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சேர், வாற மாசம் எனக்கு கல்யாணம். கட்டாயம் வரணும்."

கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. "ஆ... சந்தோசங்க" என்றது அது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். நெஞ்சில் வலி. தாரணி போனபோது வலித்த அதே இடம், அதே வலி. டெஸ்டுக்குத் தெரியாதது நெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. ஆணென்றால் ஒரு மாதிரி, பெண்ணென்றால் ஒரு மாதிரி என்று அது தனித்தனியாக உடைவதில்லை போல.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எழுந்து போய்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "மொதல்ல சோத்தத் தின்னு" என்றாள். அவளுக்கு இன்னும் நாளாகும். ஆகட்டும்.

தாரணிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"ம்."

"அப்ப சந்தேகமே இல்ல, இதுவும் நெசந்தான். நாளைக்கு எனக்கு லீவு. பதுளைக்கு வா, கொத்து ரொட்டி வாங்கித் தாறேன்."

போனேன். என்னை அழ வைத்த அனுபவம் உள்ளவளை விட, ஆறுதல் சொல்லத் தகுதியான ஆள் வேறு யார்?