கைச்சுமையாக வந்த படங்கள்

கண்ணாடி பீரோ மாடிப்படி இறங்கும்போது அவர் அதற்கு முன்னாலும் நடக்கமாட்டார், பின்னாலும் நடக்கமாட்டார். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே பல்லியைப்போல ஒட்டிக்கொண்டு, ஒரு கையை அதன் முதுகில் வைத்தபடி இறங்குவார். "பூப்போல... பூப்போல... டேய், பூவைக் கசக்கற மாதிரி பிடிக்காதே." சுமக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும், அவருக்கு வாய் ஓயாது. வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் 'பூப்போல மேஸ்திரி' என்ற பெயர் வந்தது இப்படித்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. அலமாரியைக் காலி செய்யுமுன் தட்டுத் தட்டாகக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வார். பழைய வீட்டில் உப்புக்கு இடப்பக்கம் இருந்த சர்க்கரை புது வீட்டிலும் இடப்பக்கம்தான் இருக்கும். கடைசிப் பெட்டி லாரியிலிருந்து இறங்கும்வரை எந்தப் பெட்டியையும் பிரிக்க விடமாட்டார், வீட்டுக்காரம்மா தலைவலி மாத்திரைக்காகக் கெஞ்சினாலும் சரி. எல்லாம் முடிந்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஜன்னல், கண்ணாடி, மேசை என்று பளபளக்கிற எல்லாவற்றையும் துடைப்பார். "நம்ம கை பட்ட தடம் தெரிஞ்சா, வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம்" என்பார்.

அப்படிப்பட்டவருடைய கைபேசிக்கே ஒருநாள் வீடு மாறும் வேளை வந்தது. சார்ஜர் செருகும் வாய் தளர்ந்துபோய், மடித்த அட்டைத்துண்டை முட்டுக்கொடுத்தால்தான் அது மின்சாரம் குடித்தது. மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புதியது ஒன்றை வாங்கிவந்தாள். பழையதை மறுநாள் மாலைக்குள் கடையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது பேச்சு.

அவர் புதியதைப் புரட்டினார். மூலைகளைத் தடவிப் பார்த்தார்.

"இது வேற கம்பெனி ஆச்சே. அந்த வீட்டுச் சாமான் இந்த வீட்டு வாசல்ல நுழையுமா?"

"நுழையும்பா. அதுக்குன்னு ஒரு ஆப் இருக்கு. காத்து வழியாவே போயிடும்."

"லாரி?"

"வேண்டாம்."

"ஆளு?"

"வேண்டாம்பா."

தொழிலுக்குப் போட்டி வந்ததுபோல அவர் முகம் சுருங்கியது.

அவர் மனைவிக்கோ வேறு கவலை. மகள் பட்டம் வாங்கிய நாள், முதன்முதலாகக் கடல் பார்த்த நாள், அண்ணன் வீட்டு விசேஷம், எல்லாம் அந்த அட்டை முட்டுக்கொடுத்த டப்பாவுக்குள்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது.

"ஒரு படம் தொலைஞ்சாலும் உங்க சாமானைத் தனியாக் கட்டிடுவேன்" என்றாள். "உங்களுக்கென்ன நட்டம்? உங்க மூஞ்சிதான் ஒண்ணுலகூட இல்லையே."

"எடுக்கறவன் எப்படி உள்ளே நிப்பான்?"

"யார்கிட்டயாவது குடுத்துட்டு வந்து நிக்கறது."

"எவன்கிட்ட குடுக்கறது? கையை ஆட்டிடுவான்."

மறுநாள் காலை மகள் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஆப்பை ஓடவிட்டு, "ரெண்டையும் தொடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். புதியதன் திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. முக்கால்வாசிக்குமேல் போய் நின்றது. நின்றது நின்றதுதான். அட்டைத்துண்டுதான் சரியாக இல்லையோ என்று மெல்ல நிமிண்டினார். பழையது கண்ணை மூடிவிட்டது. அது மறுபடி விழித்தபோது புதியதில் கோட்டைக் காணோம். 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

லாரி நடுவழியில் படுத்துவிட்டால் மேஸ்திரி என்ன செய்வார்? இறங்கிச் சுமப்பார்.

மேசையை ஜன்னலோரம் நகர்த்தினார். பழையதைத் துண்டால் துடைத்து மல்லாத்தி, முதல் படத்தைத் திறந்தார். புதியதை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, மூச்சை அடக்கி, பழைய திரையில் தெரிந்த படத்தை அப்படியே ஒரு படம் எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"கைச்சுமையா மாத்தறேன்."

மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, படத்தை விரலால் தள்ளிவிடும் வேலையை ஏற்றுக்கொண்டாள். "அடுத்தது" என்பார் அவர். அவள் தள்ளுவாள். நடுநடுவே தகராறு.

"இது யாரோ வீட்டு அலமாரி. இது எதுக்கு?"

"அவங்க திரும்ப வீடு மாறினா?"

வீடியோக்களை வீடியோவாகவே எடுத்தார். கடல் அலைச்சத்தத்துக்கு மேலே "பூப்போல, பூப்போல" என்று ஒரு முணுமுணுப்பும் சேர்ந்து பதிவானது. சோறு ஆறியது, கழுத்து பிடித்துக்கொண்டது, மேஸ்திரி அசரவில்லை.

மாலையில் மகள் வந்தபோது புதியது 'இடம் போதவில்லை' என்று முனகிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே துழாவினாள்.

"அப்பா, படமெல்லாம் காலையிலேயே வந்து சேர்ந்தாச்சே. பாட்டுதான் பாதியில நின்னிருக்கு. நீங்க ஆல்பத்தைத் திறந்தே பாக்கலையா?"

"கடைசிப் பெட்டி இறங்காம எப்படிப் பிரிக்கறது?"

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "இப்ப ஒரே வீட்டுல ரெண்டு செட் சாமான். ஒண்ணை வெளியே தூக்கணும்."

"என்னுதைத் தூக்கு" என்றார் உடனே. கோணல்மாணலாக வைத்த சாமானை எவர் வீட்டிலும் அவர் விட்டுவந்ததில்லை. அதோடு பேச்சு முடிந்தது என்று, பழைய கைபேசியைக் கடைக்குக் கொடுப்பதற்காகச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கிவிட்டார்.

"இருடி. நாள் பூரா தள்ளியிருக்கேன். ஒருதடவை பாத்துடறேன்" என்று மனைவி புதியதைக் கையில் வாங்கினாள்.

பட்டமளிப்பு மண்டபத்துப் படிக்கட்டில் மகளும் அவளும். இருவருக்கும் நடுவே, பழைய திரையின் கண்ணாடியில் பிரதிபலித்து, மங்கலாக ஒரு வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, தோள்துண்டு, பல்லிடுக்கில் துருத்திய நாக்கு. அடுத்ததில் கடல், கடலுக்குமேல் வானத்தளவுக்கு அவர்.

"இங்க பாருடி, என் அண்ணன் வீட்டுல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க, நிக்கமாட்டேன்னுட்டார். இப்ப அண்ணி தோள்மேலயே நிக்கறார்."

மகள் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மனைவியும் சிரித்தாள். படத்தைத் தள்ளத் தள்ள அவள் சிரிப்பு அடங்கி, விரல் மெதுவானது.

"இதைத் தூக்காதே" என்றாள். "காலையில வந்த நல்ல செட்டை என் போனுக்கு அனுப்பிடு. இவர் இங்கேயே இருக்கட்டும்." பட்டமளிப்புப் படத்தைத் திரையின் முகப்பில் வைக்கச் சொன்னாள்.

மகள் வைத்து அவரிடம் நீட்டினாள். செய்தித்தாள் பொட்டலத்துக்குக் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவர் அதை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மனைவிக்கும் மகளுக்கும் நடுவே கண்ணாடியில் ஏதோ படிந்திருந்தது. வாயைக் குவித்து ஒரு ஊது ஊதினார். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்து, அந்த இடத்தை மட்டும், பூப்போல, துடைக்க ஆரம்பித்தார்.