ஏனோக் மேஸ்திரி பார்த்த கோடை வீடு

ஒரு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் எங்கள் குடிசையின் கூரையைக் காற்று பிய்த்துவிட்டது. வீடு திரும்பியபோது யாரோ அதைக் கட்டி முடித்திருந்தார்கள். அன்று பக்கத்து வீட்டு ஏனோக் அண்ணன் ஆராதனைக்கு வரவில்லை. உபதேசியார் கேட்டதற்கு, கொஞ்சம் வேலை இருந்தது என்று மட்டும் சொன்னாராம்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிறவர்களுக்கு அவர் மேஸ்திரி. ஷிப்ட் தொடங்குமுன் இரும்புக் கம்பியால் மேற்பாறையைத் தட்டிக் கேட்பது அவர் வேலை. கணீரென்றால் பாறை உறுதி. மொத்தென்று கேட்டால் உள்ளே பிளந்திருக்கிறது. ஆட்களை வெளியேற்றிவிட்டு முட்டுக் கொடுக்க வேண்டும். அவர் காதை நம்பித்தான் அத்தனை பேரும் கூண்டில் இறங்கினார்கள்.

ஐம்பது வயதுக்கு முன்பே தூசி அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இனி இறங்கக் கூடாது, கோடையில் இந்த ஊர்க் காற்றே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வால்டர் சுரங்க வேலையில் இருந்ததால் கம்பெனி கொடுத்த லைன் வீடு கைவிட்டுப் போகவில்லை. வெயில் மாதங்களுக்கு மட்டும் போய்த் தங்க எங்கேயாவது ஒரு வீடு வாங்கலாம் என்று சாரா அண்ணிக்கு ஆசை. லைனில் எல்லாரும், மேஸ்திரியும் துரைகளைப் போல ஊட்டிக்குக் கிளம்பிவிட்டார் என்று கேலி செய்தார்கள்.

ரயிலில் போகிற தூரத்தில், குப்பம் என்ற ஊருக்குப் பக்கத்தில் பார்வதம்மா என்ற விதவை ஒரு மாந்தோப்பு வீட்டை விற்பதாகத் தெரிந்தது. பார்த்துவர அண்ணி என்னையும் துணைக்கு அழைத்தார். மண் சுவர், ஓட்டுக் கூரை, நல்ல கிணறு. மரத்தடியில் உட்கார்ந்த அண்ணனுக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு அவர் உள்ளே போய், கையோடு கொண்டுவந்திருந்த கம்பியால் சுவரைத் தட்டினார். மொத்தென்றது. அடுத்த சுவரும் அப்படியே. உடனே எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

பார்வதம்மாவுக்குக் கோபம். "எங்க மாமனார் கட்டின சுவரு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நிக்குது. அடிச்சு அடிச்சு நீதான் சாய்ப்பே."

மண் சுவர் அப்படித்தான் சத்தமிடும் என்று அண்ணனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக வெளியே ஓடுகிறது என்றார். வாங்குமுன் இருந்து பார்க்கலாம் என்று சில நாள் வாடகைக்குத் தங்கினார்கள். அவர் அறைக்கு அறை மரமுட்டு நட்டார். அண்ணி அவற்றில் துணி காயப்போட்டார்.

"பூமிக்குள்ள அத்தினி வருஷம் பயப்படல. மேல வந்து இன்னாத்துக்கு நடுங்கறீங்க?" என்று அண்ணி கேட்டதற்கு, அவர் எழுந்துபோய் இன்னொரு மரமுட்டு நட்டார்.

லைனுக்குத் திரும்பி வந்ததும் இருமலும் திரும்பி வந்தது. இங்கே இருந்தால் நெஞ்சு ஆகாது. அங்கே போனால் காது ஆகாது. மரத்தடியில் சுகமாய் இருக்கிறது, ஆனால் வெளியே உட்காருவதற்கு எதற்கு வீடு என்று எல்லாரிடமும் கேட்டார். உபதேசியார் வாங்கச் சொன்னார். கூட்டாளிகள் வேண்டாம் என்றார்கள். வாரக்கணக்கில் ஜெபித்தார். ஒரு நாள் ஆண்டவர் வாங்கச் சொல்வது போலத் தோன்றும். மறுநாள் அது தன் சொந்த ஆசைதானோ என்று சந்தேகம் வரும். என்னிடமும் கேட்டார். ஜெபிக்கிறேன் அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

கோடை தொடங்கியதும் மூட்டை முடிச்சுகளோடு ரயிலடியில் அவர்களைப் பார்த்தேன். அண்ணி முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார். மறு மழைக்குள் கர்த்தர் அண்ணனை அழைத்துக்கொண்டார், படுக்கையிலேயே, நெஞ்சு அடைத்து. அதனால் அன்று பார்த்ததுதான் கடைசி. வீடு என்ன ஆயிற்று என்று அன்று ரயிலடியில் அண்ணனிடம் கேட்டேன்.

"வாங்கிட்டேன் தங்கச்சி. சரியா தப்பான்னு கேக்காதீங்க, எனக்கே இன்னும் தெரியல. நீங்க எல்லாரும் அவசியம் வரணும். வந்தா மரத்தடியிலயே உக்காருங்க. உள்ள மட்டும் வர வேணாம்."